உலகம் சுற்றிய சுருட்டு

ஆங்கிலத்தில் ‘ஷெரூட்’ என்று ஒரு சொல் இருக்கிறது. இன்றைய பேச்சில் அதை அதிகம் கேட்க முடியாது. விக்டோரியா காலத்து நாவல்களிலும் பழைய துப்பறியும் கதைகளிலும் இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளை அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகளிலும்தான் அது எதிர்ப்படும். அகராதியைப் புரட்டினால், இரண்டு முனையையும் நறுக்கிவிட்ட, நுனி கூம்பாத புகையிலைச் சுருள் என்று பொருள் போட்டிருப்பார்கள். சொல் எங்கிருந்து வந்தது என்று காட்டும் இடத்தில் ‘தமிழ்’ என்று இருக்கும். உறையூரிலும் திண்டுக்கல்லிலும் யாழ்ப்பாணத்திலும் சுற்றிய நம்முடைய சுருட்டேதான் அது.

சுருட்டைத் தெரியாத தமிழர் இல்லை. பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பிடித்ததைப் பார்த்திருப்போம். கருப்பசாமி படையலில் சாராயப் புட்டிக்குப் பக்கத்தில் பார்த்திருப்போம். அந்தச் சொல் கப்பலேறிப் போன ஊர்களின் கதைதான் பலருக்குத் தெரியாது. கதை தொடங்குவது இந்தியாவைத் தேடிப் போனவர்கள் வழிதவறிய இடத்தில்.

1492 நவம்பரில் கொலம்பஸ் கியூபாத் தீவின் கரையில் நின்றிருந்தார். ஆசியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டதாக அவருக்கு நம்பிக்கை. உள்நாட்டில் பேரரசர் கானின் அரண்மனை இருக்கும் என்று நினைத்து, லூயிஸ் டி தோர்ரெஸ், ரொட்ரிகோ டி ஹெரெஸ் என்ற இருவரைத் தூது அனுப்பினார். தோர்ரெஸுக்கு எபிரேயமும் அரபியும் தெரியும். கீழ்த்திசை மன்னரிடம் பேச அது உதவும் என்பது கணக்கு. போனவர்கள் மன்னரையும் காணவில்லை, அரண்மனையையும் காணவில்லை. ஆணும் பெண்ணுமாகச் சனங்கள் காய்ந்த இலையைச் சுருட்டி, ஒரு முனையில் நெருப்பு வைத்து, மறுமுனையை வாயில் வைத்து இழுப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இந்தியாவைத் தேடிய பயணத்தில் ஐரோப்பியருக்குக் கிடைத்தது புகையிலை.

அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் போர்த்துகீசியர் அந்த இலையை உண்மையான இந்தியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். வடக்கே அது போனது ராஜ மரியாதையோடு. 1604–05 வாக்கில் அசத் பேக் என்ற மொகலாய அதிகாரி, பீஜப்பூரில் வாங்கிய புகையிலையையும் ரத்தினம் பதித்த புகைக்குழாய் ஒன்றையும் அக்பர் முன் வைத்தார். பாதுஷா இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்தார். அரண்மனை வைத்தியர் ‘நம் நூல்களில் இல்லாத பொருள் இது’ என்று தடுத்தார். அக்பர் விட்டுவிட்டார், பிரபுக்கள் விடவில்லை. அசத் பேக் கொண்டுவந்ததைப் பகிர்ந்து கொடுத்ததும் ஆளுக்கு ஆள் கேட்கத் தொடங்கினார்கள், வியாபாரிகள் மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். 1617-ல் ஜஹாங்கீர் தடை போட்டும் பழக்கம் நிற்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்த ஆடம்பரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. குழாய் இல்லை, ஹூக்கா இல்லை. இலையைச் சுருட்டினார்கள், பற்றவைத்தார்கள். வந்த பொருளுக்கு வெளிநாட்டுப் பெயரைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. உலகத்தில் பாதி மொழிகள் ‘டபாக்கோ’ என்பதையே வாய்க்கு வந்தபடி திருத்திக்கொண்டபோது தமிழர்கள் ‘புகையிலை’ என்று புதிதாகப் பெயர் சூட்டினார்கள். புலவர்களும் சும்மா இருக்கவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனுக்குப் புகையிலையையே தூது விட்டுப் பாடிய ‘புகையிலை விடு தூது’ நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர். மும்மூர்த்திகளுக்குள் நடந்த ஒரு வழக்கில் சிவனுக்கு வில்வமும் திருமாலுக்குத் துளசியும் பிரமனுக்குப் புகையிலையும் கொடுத்து, மறுநாள் கொண்டுவரும்படி தேவசபை சொன்னதாக அதில் ஒரு கதை. வில்வத்தைக் கங்கை அடித்துக்கொண்டு போனது, துளசியைப் பாற்கடல் கொண்டு போனது. பிரமனின் இலை மட்டும் நாவில் இருந்த கலைமகளிடம் பத்திரமாக இருந்தது. மற்றவை போயின, இது போகையிலை. அதனால்தான் அந்தப் பெயர் என்று புலவர் முடிச்சுப் போடுகிறார். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செடி, புராணத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது.

இப்போது ஆங்கிலேயர் வருகிறார்கள். 1669-ல் சென்னைப்பட்டினத்தில் வந்திறங்கிய தாமஸ் பவுரி என்ற மாலுமி வியாபாரி, அடுத்த பத்தொன்பது ஆண்டுகள் வங்கக் கடலைச் சுற்றிச் சரக்கு ஏற்றி இறக்கினார். எதையும் முயன்று பார்க்கும் மனிதர். நண்பர்களோடு பங்கி என்ற கஞ்சாப் பானம் குடித்துப் பார்த்ததையும், போதையில் பயந்துபோன ஒருவர் பெரிய சாடி ஒன்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் அப்படியே கிடந்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அதே குறிப்புகளில், சோழமண்டலக் கரையின் ஏழைச் சனங்கள் புகைக்கும் முறை பற்றியும் சில வரிகள் வருகின்றன. வெறும் இலையைச் சுருட்டி, ஒரு முனையில் தீ வைத்து, மறுமுனையை உதட்டில் கவ்விக்கொள்கிறார்கள். பார்க்க எளிய முறைதான், ஆனால் ஆதி முறை இதுவாகத்தான் இருக்கும் என்பது அவருடைய கணிப்பு. அவர் கியூபாவுக்குப் போனவர் இல்லை. இருந்தும், தோர்ரெஸும் ஹெரெஸும் பார்த்ததைத்தான் அவர் சோழமண்டலக் கரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சுருளுக்கு இரண்டு பெயர்களைப் பவுரி தருகிறார். ஒன்று ‘பங்கோ’. இன்னொன்று போர்த்துகீசியர் சொல்வதாக அவர் குறிக்கும் ‘செரூட்டா’. இரண்டும் ஒரே காலத்தில் ஐரோப்பிய வியாபாரிகள் வாயில் புழங்கிய சொற்கள். பங்கோ என்பது மலாய் மொழியின் ‘புங்குஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். பொட்டலம், சுற்றிக் கட்டியது என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பம்பாய் பற்றி எழுதிய குரோஸ் என்ற ஆங்கிலேயர்கூட அந்த மலாய்ச் சொல்லைத்தான் கையாண்டார். ஆனால் போட்டியில் வென்றது தமிழ்ச் சொல். பங்கோ ஆங்கிலத்திலிருந்து அடியோடு மறைந்துபோயிற்று. மலேசியாவில் உணவுக் கடையில் ‘புங்குஸ்’ என்றால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். அங்கே அது சௌக்கியமாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சுருட்டுக்கு மலாய்க்காரர்களே இன்று சொல்வது ‘செருத்து’. அதுவும் நம்முடையதுதான்.

தமிழிலேயே அச்சொல் பதிவான ஓரிடம் நாம் பள்ளியில் படித்துச் சிரித்த கதையில் இருக்கிறது. வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குருவின் கதை’யில் குருவும் சீடர்களும் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று குரு சொல்ல, சீடன் ஒருவன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் தொட்டுப் பார்க்கிறான். புஸ்ஸென்று புகை கிளம்பியதும், ஆறு விழித்துக்கொண்டு சீறுகிறது என்று ஓட்டம் பிடிக்கிறான். அந்தக் கொள்ளிக்கட்டை அவன் கைக்கு எப்படி வந்தது? சுருட்டுப் பற்றவைப்பதற்காக அவன் கூடவே எடுத்துவந்தது அது. இத்தாலியில் பிறந்த பாதிரியார், ஏறத்தாழ 1725-ல், ஒரு தமிழ் முட்டாளைப் படம்பிடிக்கும்போது கையில் சுருட்டு நெருப்பைக் கொடுக்கிறார் என்றால் பழக்கம் எவ்வளவு ஊன்றியிருக்க வேண்டும்! இந்தக் கதையை பெஞ்சமின் பாபிங்டன் 1822-ல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். பிறகு 1886-ல் வந்த புகழ்பெற்ற ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் ‘ஷெரூட்’டுக்குத் தங்களுக்குத் தெரிந்த மிகப் பழைய சான்றாக யூலும் பர்னெலும் காட்டியது இந்தப் பரமார்த்த குருவைத்தான். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அகராதி அச்சாகி வருவதற்கு நான்கு ஆண்டு முன்பே காலமாகிவிட்டார்.

பவுரி காலத்தில் ஏழையின் உதட்டில் இருந்த சுருட்டு, எண்பது ஆண்டுகளில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். 1759-ல் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காள நவாபுக்கு விருந்து வைத்தது. அதன் செலவுக் கணக்கில் மசூலிப்பட்டினச் சுருட்டு 60 ராத்தல், விலை 500 ரூபாய் என்று ஒரு வரி இருக்கிறது. பிளாசிப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள்; வங்காளத்தின் செல்வமெல்லாம் கைமாறிக்கொண்டிருந்த நேரம். அந்த விருந்துக்குச் சுருட்டு தெற்கிலிருந்து கப்பலில் போயிருக்கிறது. சென்னையிலோ காவல் வீரர்களே சுருட்டும் கையுமாக நின்றார்கள். 1757 வாக்கில் கோட்டைக் காவலில் அதிகாரிகள் ஒரு கையில் இரும்புமுனைக் கம்பும் மறு கையில் சுருட்டுமாக வணக்கம் வைத்துக்கொண்டு போவதைப் பலமுறை பார்த்ததாக, 1792-ல் ‘மெட்ராஸ் கூரியர்’ இதழில் ஒருவர் நினைவுகூர்ந்தார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ‘சிகார்’ என்ற சொல் இருக்க, ஆங்கிலேயருக்கு ‘ஷெரூட்’ எதற்கு? விடை வரைபடத்தில் இருக்கிறது. சிகார் ஸ்பெயின் வழியாக மேற்கிலிருந்து வந்தது. 1808 முதல் 1814 வரை ஸ்பெயினில் நெப்போலியன் படையோடு போரிட்ட பிரிட்டிஷ் வீரர்கள் ஊருக்குக் கொண்டுபோன பழக்கம் அது. ஷெரூட் கிழக்கிலிருந்து கம்பெனிக் கப்பலில் வந்தது. கொஞ்ச காலம் இரண்டையும் ஒப்பிட்டு விளக்க வேண்டியிருந்தது: இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு 1810-ல் கையேடு எழுதிய வில்லியம்சன், சுருட்டு என்பது ஸ்பானியச் சிகாரைப் போன்றதுதான், கொஞ்சம் தடிமன் என்கிறார். கீழ்மட்டத்து வெள்ளையரும் உள்நாட்டாரும்தான் அதைப் புகைப்பார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். நவாபின் விருந்து அதற்குள் மறந்துபோயிற்று. நாளடைவில் உருவத்தை வைத்துப் பிரிப்பது வழக்கமாயிற்று. ஹவானாச் சிகாருக்குத் தலைப்பக்கம் கூம்பி மூடியிருக்கும், பிடிக்குமுன் கத்தியால் வெட்ட வேண்டும். நம் சுருட்டு இரு பக்கமும் திறந்தே இருக்கும்.

அந்த உருவம் வந்தது வேலை முறையால். இலையை நீர் தெளித்துப் பதமாக்கி, நடு நரம்பைக் கிழித்து எடுத்து, துண்டு இலைகளை உள்ளே கூட்டி வைத்து, நல்ல இலையால் மேலே சுற்றி, பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுவார்கள். பிறகு இரண்டு முனையையும் ஒரே அளவாக நறுக்கி, நிழலில் உலர்த்திக் கட்டு கட்டுவார்கள். தலையைக் கூம்பாக மடித்து ஒட்டுகிற நுணுக்கமான வேலை இதில் இல்லை. அதனால் கை ஓடும், விலை குறையும். யாழ்ப்பாணத்தில் இதற்கென்று ‘கோடா’ என்ற சாறு ஊறவைத்துப் பூசுவார்கள். அந்தக் கோடாச் சுருட்டை விற்கத்தான் யாழ்ப்பாண வியாபாரிகள் தென்னிலங்கை ஊர்களில் கடை வைத்தார்கள். சிங்களத்திலும் அதற்குப் பெயர் ‘சுருட்டு’தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மூக்குக்கு இரண்டு ஊர்கள் பழகிப்போயின. திண்டுக்கல் பக்கத்துப் புகையிலை, திருச்சிராப்பள்ளி உறையூரில் சுருட்டாகி, ‘ட்ரிச்சினாப்பள்ளி’ என்ற பெயரில் போயிற்று, செல்லமாக ‘ட்ரிச்சி’. சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. கோதாவரி ஆற்றின் நடுவே வெள்ளம் கொண்டுவந்து குவிக்கும் வண்டல் தீவுகளுக்குத் தெலுங்கில் ‘லங்கா’ என்று பெயர். அங்கே விளைந்த புகையிலையில் சுற்றிய சுருட்டு ஆங்கிலத்தில் ‘லங்க்கா’ ஆயிற்று. இந்த இரண்டு பெயர்களையும் ஆங்கில இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் அதுவரை இந்தப் பக்கமே வராத ஒரு டாக்டர்.

ஆர்தர் கோனன் டாயில் எழுதி 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், லண்டனில் ஒரு காலி வீட்டில் பிணம் கிடக்கிறது. ஹோம்ஸ் தரையில் தவழ்ந்து கொஞ்சம் சாம்பலைச் சேகரித்து உறையில் போட்டுக்கொள்கிறார். கறுத்து, செதில் செதிலாக இருக்கும் அந்தச் சாம்பலைப் பார்த்ததும் கொலைகாரன் பிடித்தது ட்ரிச்சினாப்பள்ளி என்று சொல்லிவிடுகிறார். 1890-ல் வந்த அடுத்த நாவலில், 140 வகைப் புகையிலைகளின் சாம்பலைப் பிரித்தறிவது பற்றித் தாம் ஒரு நூலே எழுதியிருப்பதாகச் சொல்லும்போது, லங்க்காவையும் ட்ரிச்சினாப்பள்ளியையும்தான் உதாரணம் காட்டுகிறார். ஒரு கதைக்குத் துப்பு வேண்டுமானால் அது அரிதாகவும் இருக்க வேண்டும், அதே சமயம் வாசகருக்குக் கேள்விப்பட்ட பெயராகவும் இருக்க வேண்டும். உறையூர்ச் சுருட்டு அன்றைய லண்டனில் சரியாக அந்த இடத்தில் இருந்தது. இத்தனைக்கும் அதைப் பிடித்த கொலைகாரன் இந்தியாவிலிருந்து திரும்பியவனும் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்து லண்டனில் குதிரைவண்டி ஓட்டியவன்.

ஹோம்ஸைப் பார்த்து எழுதியவர்களும் சுருட்டை விடவில்லை. ஆஸ்டின் ஃப்ரீமன் படைத்த டாக்டர் தார்ன்டைக் என்ற துப்பறிவாளருக்கு இருந்த ஒரே சபலம் ட்ரிச்சினாப்பள்ளிச் சுருட்டு. 1907-ல் வந்த அவருடைய முதல் நாவலில் வில்லன் அவரைக் கொல்ல அனுப்புவதும் விஷம் ஏற்றிய அதே சுருட்டைத்தான். ஹோம்ஸ் கதையில் கொலைகாரன் பிடித்ததைத் தார்ன்டைக் கதையில் துப்பறிபவர் பிடிக்கிறார்.

இதற்கு முன்பே ஆங்கில நாவலில் சுருட்டுக்கு ஒரு வேலை வந்துவிட்டது. கல்கத்தாவில் பிறந்த தாக்கரே, 1853–55-ல் வெளிவந்த ‘நியூகம்ஸ்’ நாவலில் இந்தியாவிலிருந்து திரும்பும் கர்னல் நியூகம் கையில் ஷெரூட்டைக் கொடுக்கிறார். பாத்திரத்தின் பூர்வீகத்தைப் பக்கம் பக்கமாகச் சொல்ல வேண்டாம். சுருட்டைப் பற்றவைத்தால் போதும், இவர் கிழக்கே இருந்து வந்தவர் என்று வாசகர் புரிந்துகொள்வார். எனக்கு இந்தச் சொல்லின் ஆங்கில வாழ்க்கையில் மிகவும் பிடித்தது இதுதான். பொருளைக் காட்டுவதோடு, அதைப் பிடிப்பவர் வாழ்ந்த இடத்தையும் அது சொல்லிவிடுகிறது.

கிப்ளிங் அதை இன்னும் கிழக்கே தள்ளினார். 1890-ல் வெளியான அவருடைய ‘மாண்டலே’ கவிதையில் மௌல்மீன் கோயிலருகே உட்கார்ந்திருக்கும் பர்மியப் பெண் பெரிய வெள்ளைச் சுருட்டு பிடிக்கிறாள். கிப்ளிங் பர்மாவில் இருந்தது 1889-ல் கப்பல் நின்ற கொஞ்ச நேரம்தான். மாண்டலேயை அவர் பார்த்ததே இல்லை. பாட்டு அடைந்த புகழில், ஆங்கிலம் பேசும் உலகத்துக்கு ஷெரூட் என்றால் பர்மா என்று ஆகிவிட்டது. உண்மையில் பர்மியச் சுருட்டு நம்முடையதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். நறுவிலி இனத்து மரத்தின் இலையில், புகையிலையோடு மரச் சீவலும் கலந்து சுற்றி, வாயில் வைக்கும் பக்கம் மக்காச்சோள மடலில் செய்த வடிகட்டி வைப்பார்கள். பர்மியர்கள் அதற்குத் தங்கள் மொழியில் ‘ஸே லெய்க்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வங்காளிகளோ அதை ‘பர்மா சுருட்’ என்றார்கள். பர்மாவில் செய்த பொருளை வங்காளத்தில் தமிழ்ப் பெயரால் அழைத்திருக்கிறார்கள்!

இருபதாம் நூற்றாண்டில் சிகரெட் எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளியது. ஷெரூட் ஆங்கிலத்தில் அருஞ்சொல்லாகிவிட்ட நிலையில், 1964-ல் ஓர் இத்தாலியப் படம் அதற்கு எதிர்பாராத மறுவாழ்வு கொடுத்தது. செர்ஜியோ லியோனே, குரோசாவாவின் ‘யோஜிம்போ’ படத்தை அப்படியே பெயர்த்து ஸ்பெயினின் பொட்டல்காட்டில் எடுத்த கௌபாய் படம் அது. மூலப் படத்தைத் தயாரித்த தோஹோ நிறுவனம் வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கியது தனிக்கதை. அதில் கிளின்ட் ஈஸ்ட்வுட் வாயோரத்தில் எப்போதும் ஒரு குட்டைச் சுருட்டு. பெவர்லி ஹில்ஸ் கடையில் அவரே வாங்கிக்கொண்டுபோன கறுப்புச் சிகார்கள் அவை. நிஜ வாழ்க்கையில் அவர் புகைப்பவரும் இல்லை. ஆனால் ஆங்கில விமர்சகர்கள் அதைக் குறிக்க ‘ஷெரூட்’ என்றே எழுதினார்கள். இன்று அந்தச் சொல்லை அறிந்த வெளிநாட்டு இளைஞர் பலருக்கு மனத்தில் தோன்றும் முகம் ஈஸ்ட்வுட்டுடையது.

ஆங்கிலத்தில் நடந்தது இது. போர்த்துகீசிய மொழியில் நடந்ததைப் பார்த்தால், ஆங்கிலக் கதை சிறியதாகிவிடும். பவுரி கேட்ட அந்தச் ‘செரூட்டா’ போர்த்துகீசியரிடம் ‘ஷரூத்து’ ஆகி, சிகார் என்பதற்கே பொதுப் பெயராகிவிட்டது. ஹவானாவில் செய்ததானாலும் அவர்களுக்கு அது ஷரூத்துதான். ஏசா டி கெய்ரோஸின் புகழ்பெற்ற ‘மாயாஸ்’ நாவலில், 1870-களின் லிஸ்பன் கனவான்கள் பக்கத்துக்குப் பக்கம் ஷரூத்து பிடித்துக்கொண்டு அரசியலும் காதலும் பேசுகிறார்கள். தாக்கரேயின் கர்னலைப் போல அவர்களிடம் இந்திய வாசனை எதுவும் வீசாது. சொல் அந்த மொழியில் அவ்வளவு கரைந்துவிட்டது.

லிஸ்பனோடும் அது நிற்கவில்லை. கோவாவிலிருந்து திரும்பும் போர்த்துகீசியக் கப்பல்கள் பல, பிரேசிலின் பாயியா துறைமுகத்தில் நங்கூரமிட்டுப் போவது வழக்கம். பாயியாப் புகையிலை லிஸ்பன் வழியாகக் கோவாவுக்கு வந்தது. பிரேசிலின் வழக்கிலோ தமிழ்ச் சொல் ஊன்றியது. இன்றும் பிரேசிலில் சுருட்டுக் கடைக்குப் பெயர் ‘ஷருத்தாரியா’. 1873-ல் டானெமான் என்ற ஜெர்மானியர் பாயியாவின் சாவோ ஃபெலிக்ஸ் ஊரில் தொடங்கிய தொழிற்சாலை ஷரூத்துக்குப் பேர்போனது. இந்தியாவைத் தேடிப்போய்க் கண்டெடுத்த இலை அமெரிக்காவிலிருந்து நம்மிடம் வந்தது. அதைச் சுருட்டிய விதத்துக்கு நாம் வைத்த பெயர் அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிருக்கிறது. இருபது கோடிப் பேருக்கு மேல் வாழும் நாட்டில் அன்றாடச் சொல்லாக இருக்கும் தமிழ்ச் சொல் இது. நம் பாடப்புத்தகங்களில் கட்டுமரத்துக்கும் மிளகுதண்ணிக்கும் கிடைக்கும் இடம் இதற்குக் கிடைக்காதது பெரிய குறை.

பிரேசில் பற்றிப் படித்தபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. அங்கே ஆப்பிரிக்க வழிபாடும் பழங்குடி வழிபாடும் கலந்து உருவான ‘உம்பாண்டா’ என்ற சமயம் இருக்கிறது. அதில் முச்சந்திகளின் காவலனான எஷு என்ற தெய்வத்துக்குப் படைப்பது கரும்புச் சாராயமும் ஷரூத்தும். எல்லையில் நிற்கும் நம் கருப்பசாமிக்கும் முனியப்பனுக்கும் படைப்பது சாராயமும் சுருட்டும். இரண்டு கண்டங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வளர்ந்த வழக்கங்கள் இவை. படையல் பொருளின் பெயர் மட்டும் ஒன்று.

நம் ஊரில் பெரிய கோயிலுக்குள்ளேயே சுருட்டு போயிருக்கிறது. திருச்சிக்குப் பக்கத்து விராலிமலையில் முருகனுக்குச் சுருட்டு நைவேத்தியம் உண்டு. குமாரவாடி ஜமீனின் அமைச்சர் கருப்பமுத்துப் பிள்ளை, முருகனைக் கும்பிடப் போன ஒருநாள், ஆற்றில் வெள்ளம் வந்து கரையில் அகப்பட்டுக்கொண்டார். மழை, குளிர், கையில் சுருட்டும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் வந்து சுருட்டும் நெருப்பும் கொடுத்து ஆற்றைக் கடக்கவும் உதவினார். கோயிலுக்குப் போய்ப் பார்த்தால் சந்நிதியில் சுருட்டு இருந்தது என்று தல வரலாறு சொல்கிறது. பிற்காலத்தில் புதுக்கோட்டை மன்னர் ஒருவர் இந்த வழக்கத்தை நிறுத்த, முருகன் கனவில் வந்து கேட்டு மீண்டும் தொடங்க வைத்ததாகவும் சொல்வார்கள். பரமார்த்த குருவின் சீடனையும் கருப்பமுத்துப் பிள்ளையையும் ஆற்றங்கரையில் சுருட்டு நெருப்போடு நிறுத்தியிருக்கிறது தமிழ் மனம். ஒன்று பாதிரியார் எழுதிய நையாண்டி, மற்றது பக்தர்கள் சொல்லும் அற்புதம்.

புகையிலை உடம்புக்கு என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுருட்டைப் பற்றவைக்கச் சொல்லி நான் யாரையும் அழைக்க மாட்டேன். ஆனால் இந்தச் சொல்லை ருசிக்க ஒரு வழி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லெபனானிலிருந்தும் சிரியாவிலிருந்தும் ஏராளமானோர் பிரேசிலில் குடியேறினார்கள். அரிசியும் கொத்துக்கறியும் வைத்துத் திராட்சை இலையிலோ முட்டைக்கோஸ் இலையிலோ சுற்றி வேகவைக்கும் தங்கள் ஊர்ப் பண்டத்தை அங்கே கொண்டுபோனார்கள். பிரேசில்காரர்கள் அதன் உருவத்தைப் பார்த்து ‘ஷரூத்து’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாவோ பாவ்லோ பக்கம் போகும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் ஏதாவதோர் அரபு உணவகத்தில் உட்கார்ந்து, முட்டைக்கோஸ் ஷரூத்து ஒரு தட்டு கேளுங்கள். கொஞ்சம் அழுத்திச் ‘சுருட்டு’ என்று சொன்னாலும் பரிமாறுபவருக்கு விளங்கிவிடும்.